பென்சில் குறிப்புகளோடு விற்பனைக்கு

மார்ச் கடைசியில் ரிசல்ட், ஏப்ரலில் அடுத்த வகுப்பு. மும்பை அணுசக்தி நகரில் அந்த ஒரு வாரத்தில் வீட்டுக்கு வீடு பரண் காலியாகும். போன வருஷத்துப் பாடப்புத்தகம், கைடு, பாதி எழுதிய நோட்டு எல்லாம் ஹாலுக்கு வரும். பக்கத்து பில்டிங் பையனுக்குக் கொஞ்சம், மிச்சம் கிலோ கணக்கில் பழைய பேப்பர் வாங்கும் ரத்திவாலாவுக்கு என்பதுதான் காலகாலமாக வழக்கம். இப்போது நடுவில் போன் வந்துவிட்டது. புத்தகங்களைத் தரையில் பரப்பிப் படம் எடுத்து, "நாலாம் வகுப்பு மேத் மேஜிக், லுக்கிங் அரவுண்ட். பென்சில் மார்க் இருக்கு, கிழிசல் இல்லை. மான்கூர்டு ஸ்டேஷன்ல வாங்கிக்கலாம்" என்று போட்டால், கேட்டு வருகிறவர்களில் பள்ளிப் பிள்ளைகளின் பெற்றோர் இருக்கமாட்டார்கள். ஏனென்றால் அந்தப் புத்தகங்கள் இப்போது பாடத்திட்டத்திலேயே இல்லை. "இருக்கா? எனக்கு வேணும், எடுத்து வைங்க" என்று அவசரமாக எழுதுகிறவர்கள், பிள்ளைகளை வீட்டிலேயே படிக்க வைக்கிறவர்கள்.

ஹோம்ஸ்கூலிங் குடும்பங்கள் என்று தம்மைச் சொல்லிக்கொள்ளும் இவர்கள் செம்பூர், கோவண்டி, தேவனார், கழிமுகத்தைத் தாண்டி வாஷி, நெருல் என்று சிதறிக் கிடக்கிறார்கள். எண்ணிக்கையில் சிறுபான்மை. ஆனால் பழைய புத்தகத்தின் அருமையை இன்றைக்கு இவர்கள் அளவுக்குத் தெரிந்துவைத்திருப்பவர்கள் குறைவு என்றே சொல்வேன்.

பள்ளி தூக்கிப் போட்டதை இவர்கள் ஏன் தேடுகிறார்கள்? அதற்கு மேத் மேஜிக், லுக்கிங் அரவுண்ட் என்ற அந்த இரண்டு புத்தகங்களையும் திறந்து பார்க்க வேண்டும். 2005-ஆம் ஆண்டின் தேசியக் கலைத்திட்ட வரைவை ஒட்டி, 2006-இலிருந்து மூன்று ஆண்டுகளில் என்.சி.இ.ஆர்.டி. கொண்டுவந்த தொடக்கப்பள்ளி நூல்கள் அவை. நாலாம் வகுப்பு லுக்கிங் அரவுண்டின் முதல் பாடம், பிள்ளைகள் பள்ளிக்கு எப்படிப் போகிறார்கள் என்பது. அஸ்ஸாமில் மூங்கில் பாலம், லடாக்கில் ஆற்றுக்கு மேல் கம்பியில் ஓடும் மரத்தொட்டி, கேரளத்தில் வள்ளம், பாலைவனத்தில் ஒட்டக வண்டி. ஐந்தாம் வகுப்பு நூலில் ‘இந்த வேலையை யார் செய்வது?’ என்று ஒரு பாடம். மலம் அள்ளுகிறவர்களோடு பேசிய பேச்சையும் காந்தி ஆசிரமத்துக் கழிப்பறை நினைவுகளையும் பத்து வயதுப் பிள்ளையின் முன் வைக்கிறது. ஐந்தாம் வகுப்புக் கணக்கு மீன் கதையில் தொடங்குகிறது. மீன்பிடிப் படகு, வலை, கடன், வட்டி என்று பெரிய எண்கள் வந்து நிற்கும். மனப்பாடம் செய்து ஒப்பிக்க அதில் ஒன்றும் இல்லை. வீட்டில் உட்கார்ந்து அம்மாவோடோ அப்பாவோடோ பேசிப் பேசிப் படிக்க இதைவிட நல்ல நூலை நம் நாட்டில் அச்சில் நான் பார்த்ததில்லை.

புதிய கல்விக்கொள்கையின்படி 2024-இல் மூன்றாம், ஆறாம் வகுப்புகளுக்கும், 2025-இல் நான்கு, ஐந்து, ஏழு, எட்டாம் வகுப்புகளுக்கும் நூல்கள் மாறின. லுக்கிங் அரவுண்ட் போய் வேறு பெயரில் வேறு நூல் வந்துவிட்டது. பள்ளிக்கூடத்துக் கணக்கில் பழைய நூல் அந்தக் கணமே ரத்தி. பரீட்சை புது நூலில்தானே? வீட்டில் படிக்கிற பிள்ளைக்கு நாலாம் வகுப்பில் பரீட்சையே இல்லை. அதனால் நூல் மாறியதால் அவர்களுக்கு நஷ்டமில்லை. அறுபத்தைந்து ரூபாய் அச்சு விலை போட்ட புத்தகம் அதே விலைக்குப் போவதும், சில சமயம் அதற்கு மேல் போவதும் இதனால்தான். இணையத்தில் அதன் பக்கங்கள் கிடைக்கின்றன. ஆனாலும் பிள்ளை கையில் கொடுத்துப் படம் பார்க்கச் சொல்ல அச்சுப் புத்தகம் வேண்டும்.

இந்தச் சரக்கு அணுசக்தி நகரிலிருந்து நிறைய வருவதற்குக் காரணம் உண்டு. பாபா அணு ஆராய்ச்சி மையத்தில் வேலை செய்கிறவர்களின் குடியிருப்பு இது. 1969-இல் தொடங்கிய அணுசக்திக் கல்விச் சங்கத்தின் தலைமையகமும் இங்கேதான். சங்கத்தின் பள்ளிகள் கல்பாக்கத்திலும் கூடங்குளத்திலும் தாராப்பூரிலும் கைகாவிலும் ராவத்பாட்டாவிலும் ஒரே பாடத்திட்டத்தில் நடப்பதால், மாற்றல் ஆர்டர் வந்தால் பிள்ளையின் படிப்பு அறுந்து போவதில்லை. நடந்து போகும் தூரத்தில் பள்ளி, கட்டணக் கவலை குறைவு. வீட்டுக்கல்விக்கான தேவை மிகக் குறைவாக உள்ள இடம் இது என்றால் மிகையில்லை. ஆனால் மாற்றலும் பணி ஓய்வும் இங்கே வாழ்க்கையின் தாளம். குவார்ட்டர்ஸைக் காலி செய்கிற குடும்பம் லாரியில் ஏற்றுகிற ஒவ்வொரு பெட்டிக்கும் யோசிக்கும். புத்தகப் பெட்டிதான் கனம். இரண்டு பிள்ளைகளின் பன்னிரண்டு வருஷப் படிப்பு ஒரே நாளில் வெளியே வரும்.

என்ன மாதிரிப் புத்தகங்கள்? ஹெச்.சி. வர்மாவின் இயற்பியல் இரண்டு பாகம், ரஷ்யக் கணக்குத் தொகுப்புகள், ஒலிம்பியாட் பயிற்சி நூல்கள். பக்கத்திலேயே மான்கூர்டில் ஹோமி பாபா அறிவியல் கல்வி மையம் இருக்கிறது. டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் அங்கமாக 1974-இல் உருவானது. கணிதம், இயற்பியல், வேதியியல், உயிரியல், வானியல் ஒலிம்பியாடுகளுக்கு இந்தியப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுப்பது அந்த மையம்தான். தொடக்கப்பள்ளிக்காக அவர்கள் எழுதிய ‘ஸ்மால் சயின்ஸ்’ வரிசையைத் தேடி வாங்குகிற வீட்டுக்கல்விப் பெற்றோர் உண்டு. பிள்ளை மண்ணைத் தோண்டிப் பார்த்து, இலையைச் சேகரித்து, தானே கேள்வி கேட்க வைக்கிற நூல்கள். தயாரித்தவர்களின் வாசலிலிருந்து கூப்பிடு தூரத்தில் அவை கைமாறுவதைப் பார்க்க மனசுக்கு நிறைவாக இருக்கிறது.

வெளியாட்கள் குடியிருப்புக்குள் நினைத்தபடி நுழைய முடியாது. கேட்டில் காவல். அதனால் கொடுக்கல் வாங்கல் கேட்டுக்கு வெளியிலோ, மான்கூர்டு ஸ்டேஷனிலோ. ஜிபேயில் பணம், கட்டைப்பையில் புத்தகம். ஆனால் பை கைமாறியதும் யாரும் கிளம்புவதில்லை. "இந்த நாலாவது சேப்டரை முதல்லயே எடுக்காதீங்க, என் பொண்ணு அங்கதான் மாட்டிக்கிட்டா. ஆறை முடிச்சிட்டு வாங்க" என்று விற்கிறவர் சொல்ல, வாங்குகிறவர் போனிலேயே குறித்துக்கொள்வார். பள்ளி ஆசிரியருக்கு ஆசிரியர் அறை இருக்கிறது. பின்னம் புரியாத பிள்ளையைப் பற்றி இடைவேளையில் பக்கத்து நாற்காலியில் கேட்டுக்கொள்ளலாம். வீட்டில் சொல்லிக்கொடுக்கிற தாய்க்கு அந்த அறை கிடையாது. பழைய புத்தகம் வாங்கப் போன இடத்தில் கிடைக்கிற அந்தப் பத்து நிமிஷம்தான் அவருக்கு ஆசிரியர் அறை. பணம் மிச்சமாவது உண்மைதான். ஆனால் இந்தச் சந்தையின் உயிர் அந்தப் பத்து நிமிஷத்தில் இருக்கிறது.

பென்சில் குறிப்புகளுக்கு மதிப்பு வருவதும் இதனால்தான். கிங்ஸ் சர்க்கிள் நடைபாதையில் பழைய புத்தகம் வாங்கும்போது குறிப்பு எழுதாத பிரதியைத்தான் புரட்டிப் புரட்டித் தேடுவோம். இங்கே அது தலைகீழ். ஓரத்தில் ‘செவ்வாய், 20 நிமிஷம், சிரித்தாள்’ என்று எழுதிய பிரதியைப் பார்த்தால் புதுப் பெற்றோர் விடமாட்டார்கள். ஒரு பிள்ளை அந்தப் பக்கத்தை எப்படிக் கடந்தது என்ற சரித்திரம் அதில் இருக்கிறது. புதுப் பிரதியில் அது வராது.

வீட்டுக்கல்வி விஷயத்தில் சட்டம் எங்கே நிற்கிறது என்று கேட்காத உறவினர் இல்லை. 2010 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம், ஆறிலிருந்து பதினான்கு வயது வரை உள்ள பிள்ளையை அருகிலுள்ள பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்று பத்தாவது பிரிவில் சொல்கிறது. சேர்க்காத பெற்றோருக்குத் தண்டனை எதையும் அது விதிக்கவில்லை. இந்த இடைவெளியில்தான் வீட்டுக்கல்வி இத்தனை காலமாக நடக்கிறது. பத்தாவது, பன்னிரண்டாவது சான்றிதழுக்குத் தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனம் இருக்கிறது. 1979-இல் சி.பி.எஸ்.இ.யின் சோதனைத் திட்டமாக ஆரம்பித்து, 1989-இல் தனி நிறுவனமானது. பதினான்கு வயது நிறைந்தால் பத்தாம் வகுப்புக்குப் பதிவு செய்யலாம். ஐந்து ஆண்டுகளில் ஒன்பது வாய்ப்புகள், ஒவ்வொரு பாடமாகவும் எழுதி முடிக்கலாம். பதிவு செய்தால் பாடநூல் வந்துவிடும். அதனால் அந்த நூலுக்குப் பெரிய கிராக்கி இல்லை. முன்னே எழுதியவரின் வினாத்தாள் கட்டுக்குத்தான் கிராக்கி.

செலவு பயமுறுத்துவது கேம்பிரிட்ஜ் ஐ.ஜி.சி.எஸ்.இ. தேர்வைத் தனித்தேர்வராக எழுத நினைக்கிறவர்களை. ஒவ்வொரு பாடநூலும் ஆயிரம் ரூபாயை அனாயாசமாகத் தாண்டும். அங்கே பழைய புத்தகச் சந்தை இல்லாவிட்டால் நடுத்தரக் குடும்பம் அந்தப் பக்கமே போக முடியாது. வாங்குகிறவர்கள் இரண்டை மட்டும் கவனிக்க வேண்டும்: பாடத்திட்ட எண்ணும் தேர்வு ஆண்டும். அட்டை ஒன்றுபோலவே இருக்கும், உள்ளே பாடத்திட்டம் மாறியிருக்கும். முழு செட்டை வாங்கிவிட்டு வருந்துகிறவர்கள் வருஷா வருஷம் உண்டு.

வீட்டில் படித்த பிள்ளை என்ன ஆகும் என்ற கேள்விக்கு மும்பையே ஒரு பதில் வைத்திருக்கிறது. மாள்விகா ராஜ் ஜோஷி, ஏழாம் வகுப்பில் தாதர் பள்ளியை விட்டு வீட்டில் படித்தவர். நிரலாக்கத்தில் ஆர்வம் வந்தது. சர்வதேசத் தகவலியல் ஒலிம்பியாடில் இந்தியாவுக்காக இரண்டு வெள்ளியும் ஒரு வெண்கலமும் வாங்கினார். பன்னிரண்டாம் வகுப்புச் சான்றிதழ் இல்லை என்பதால் ஐ.ஐ.டி.யின் கதவு அவருக்குத் திறக்கவில்லை. சென்னைக் கணிதவியல் கழகம் சேர்த்துக்கொண்டு, முதுகலை மட்டத்துப் பாடங்களை நடத்தியது. 2016-இல், பதினேழு வயதில், அமெரிக்காவின் எம்.ஐ.டி. உதவித்தொகையோடு அழைத்தது. சிறுசேரியில் உள்ள அந்தக் கழகம் காகிதத்தைப் பார்க்காமல் பெண்ணின் அறிவைப் பார்த்தது என்பதில் தமிழ்நாட்டுக்காரர்கள் பெருமைப்பட்டுக்கொள்ளலாம். ஆனால் மாள்விகாவைக் காட்டி எல்லோருக்கும் வீட்டுக்கல்வி சரி என்று வாதாடுவது நியாயமாகாது. அப்படிப்பட்ட பிள்ளைகள் பள்ளியிலும் அபூர்வம்தான். வேலையை விட்டுவிட்டுப் பிள்ளையோடு உட்கார ஒரு பெரியவரால் முடிகிற வீட்டுக்குத்தான் இந்த வழி. அதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். தாராவியில் இரண்டு பேரும் வேலைக்குப் போனால்தான் அடுப்பெரியும் என்ற வீட்டுக்கு மாநகராட்சிப் பள்ளிதான் துணை, அது நன்றாக நடக்க வேண்டும்.

அமெரிக்காவில் வீட்டுக்கல்வி வேரூன்றி வெகுகாலம் ஆகிறது. கல்வியாளர் ஜான் ஹோல்ட் 1977-இல் பாஸ்டனிலிருந்து வீட்டுக்கல்விக்கென்றே ஒரு செய்தி இதழ் தொடங்கினார். கொரோனா நேரத்தில் அங்கே வீட்டுக்கல்வி எடுத்த குடும்பங்கள் 2020 வசந்தத்தில் 5.4 சதவீதம் என்றிருந்தது, இலையுதிர் காலத்தில் 11.1 சதவீதம் ஆனது என்கிறது அந்நாட்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறை. இங்கேயும் கொரோனாவின் இரண்டு வருஷத்தில்தான் பலர் முதன்முதலாகப் பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து பாடம் பார்த்தார்கள். பள்ளி திறந்ததும் சிலர் திருப்பி அனுப்பவில்லை.

புத்தகத்தை அடுத்து அதிகம் கைமாறுவது, பிள்ளைகள் கையால் தொட்டுக் கற்கும் மாண்டிசோரிச் சாமான்கள். இதில் நமக்குச் சொந்தம் ஒன்று உண்டு. மரியா மாண்டிசோரி 1939-இல் அடையாறு பிரம்மஞான சபைக்கு வந்தார். போர் மூண்டதால் ஊர் திரும்ப முடியாமல் 1946 வரை இந்தியாவிலேயே தங்கி, சென்னையிலும் கொடைக்கானலிலும் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். அவர் வடிவமைத்த பொன்மணிகள் இன்றும் அப்படியே விற்கின்றன. ஒற்றை மணி ஒன்று. பத்து மணி கோத்த கம்பி பத்து. பத்துக் கம்பி சேர்ந்த சதுரம் நூறு. பத்துச் சதுரம் அடுக்கிய கட்டி ஆயிரம். ஆயிரம் என்பது எவ்வளவு கனம் என்று நாலு வயதுக் கை தூக்கிப் பார்த்துத் தெரிந்துகொள்ளும். புது செட் வாங்கப் பர்ஸ் இளைத்துப்போகும். பழசு வாங்கினால் ஆயிரம் கட்டியை எண்ண வேண்டாம், அது தொலையாது. ஒற்றை மணிகளை எண்ணுங்கள். சோபாவுக்கு அடியில் போனது அவைதான். பிங்க் டவர் என்கிற பத்துக் கட்டை அடுக்கிலும் ஒரு சென்டிமீட்டர் உச்சிக் கட்டைதான் காணாமல் போயிருக்கும். பிள்ளை அடுக்கி முடிக்கிற அந்தக் கடைசிக் கட்டை இல்லாமல் மற்ற ஒன்பதால் பயனில்லை. "உச்சிக் கட்டை இருக்கா, போட்டோ போடுங்க" என்று தயங்காமல் கேளுங்கள்.

வெளியூருக்கு அனுப்புவதில் தபால் செலவுதான் வியாபாரத்தை முடிவு செய்யும். பதிவுப் புத்தக அஞ்சல் என்று மலிவான சேவை ஒன்று இருந்தது. 2024 டிசம்பரில் அதை நிறுத்தினார்கள். ஐம்பது ரூபாய்ப் புத்தகத்துக்கு அதைவிட அதிகமாகத் தபால் செலவு என்றால் யார் வாங்குவார்கள்? பதிப்பகங்களும் வாசகர்களும் குரல் கொடுத்தார்கள். 2025 மே மாதம் ‘ஞான் போஸ்ட்’ வந்தது. 300 கிராம் வரை 20 ரூபாய், ஐந்து கிலோவுக்கு 100 ரூபாய், வரி தனி. கல்பாக்கத்திலிருந்து மான்கூர்டுக்கு ஐந்து கிலோப் பாடநூல் வர இது கட்டுப்படியாகும். ஆனால் அச்சிட்ட நூலுக்கு மட்டும்தான் இந்தச் சலுகை. அச்சகத்தாரோ பதிப்பாளரோ யார் என்று நூலில் இருக்க வேண்டும். கையால் எழுதிய பாடக்குறிப்பும் மரச்சாமானும் இதில் போகாது. விற்கிறவர்கள் அச்சு நூலையும் இவற்றையும் ஒரே பெட்டியில் போட்டுத் தபால் நிலையத்தில் தகராறு செய்யாமல் இருப்பது நல்லது.

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்லியாக வேண்டும். வாங்கிய புத்தகத்தை மறுபடி விற்பதில் தப்பே இல்லை. 1957-ஆம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டம், ஏற்கனவே புழக்கத்தில் வந்துவிட்ட பிரதியின் மேல் பதிப்பாளருக்குப் பிடியில்லை என்கிறது. ஆனால் முழு நூலை ஸ்கேன் செய்து பி.டி.எஃப். ஆக்கி இருநூறு ரூபாய்க்கு விற்கிறவர்களும் இதே சந்தையில் திரிகிறார்கள். சின்னப் பதிப்பகம் ஒன்று பத்து வருஷம் உழைத்துக் கொண்டுவந்த பாடத்தொகுதி அப்படிப் போகும்போது அடுத்த தொகுதி வராமலே போகும். இலவசமாக வேண்டுமென்றால் நியாயமான வழிகள் ஏராளம். பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் சும்மாவே கிடைக்கின்றன. அர்விந்த் குப்தா குப்பையிலிருந்து செய்த அறிவியல் பொம்மைகளும் நூல்களும் அவருடைய தளத்தில் யாரும் எடுத்துக்கொள்ளலாம்.

தமிழுக்கு வருகிறேன். இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான். மும்பையில் தமிழ்ப் பிள்ளை தமிழ் படிக்க வழி இல்லாமல் இல்லை. மாநகராட்சி எட்டு மொழிகளில் பள்ளி நடத்துகிறது, தமிழ் அதில் ஒன்று. மாட்டுங்காவில் தமிழ்ப் புத்தகம் கிடைக்கும். ஆனால் செம்பூரிலோ வாஷியிலோ வீட்டில் படிக்கிற பிள்ளைக்குத் தமிழ்ப் பயிற்றுக்கருவி தேடினால் இந்தச் சந்தையில் அகப்படுவது மிகக் கொஞ்சம். ஆங்கில எழுத்துகளை உப்புத்தாளில் வெட்டி ஒட்டிய பலகைகள் எத்தனை செட் வேண்டுமானாலும் வரும். தமிழ் உப்புத்தாள் எழுத்துகள் அரிது. உயிரும் மெய்யும் ஆய்தமும் முப்பத்தொன்று, மேலே கொம்பும் கொக்கியும் காலும் விசிறியும். கடையில் செய்கிறவர்களுக்கு அது கட்டுப்படியாவதில்லை. அட்டையில் பென்சிலால் வரைந்து, உப்புத்தாளைக் கத்திரியால் வெட்டி, ஃபெவிகாலால் ஒட்டிச் செய்த பெற்றோர் உண்டு. ‘ஞ’வையும் ‘ழ’வையும் வெட்டுவதற்குள் கத்திரி மழுங்கிவிடும். அப்படிச் செய்த செட்டைப் பிள்ளை வளர்ந்ததும் பரணில் போடாமல் அடுத்த வீட்டுக்குக் கொடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். ஒரு செட் பத்துப் பிள்ளைகளைத் தாங்கும்.

தமிழ்நாட்டுப் பாடநூல்களின் கதை வேறு. ஒன்றாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரையான தமிழ் நூல்கள், 2018-இலிருந்து படிப்படியாகப் புதுப்பித்தவை, வண்ணமும் பாட்டும் க்யூஆர் குறியுமாக நன்றாக வந்திருக்கின்றன. விடுமுறைக்குத் திருநெல்வேலிக்கோ கள்ளக்குறிச்சிக்கோ போகிறவர்கள் அண்ணன் பிள்ளை படித்து முடித்ததை வாங்கி வருகிறார்கள். அவற்றில் பல விலையில்லாப் பாடநூல் திட்டத்தில் அச்சிட்டவை, உள்ளேயே அப்படி எழுதியிருக்கும். அரசு இலவசமாகக் கொடுத்ததை விற்பது முறையல்ல. அதனால் தமிழ் நூல்கள் இந்தச் சந்தையில் விலை போடாமலே சுற்றுகின்றன. தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் ‘துளிர்’ 1987-இலிருந்து வருகிறது. அதன் பழைய இதழ்களைக் கட்டிக் கொடுக்கிறவர்கள் கிடைத்தால் எட்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைக்கு அது பெரிய சொத்து. தூலிகா பதிப்பகத்தின் இருமொழிக் கதை நூல்களில் ஒரே பக்கத்தில் தமிழும் ஆங்கிலமும் சேர்ந்தே இருப்பதால், தமிழ் தடுமாறுகிற பெற்றோரும் கூடவே வாசிக்கலாம்.

கல்பாக்கத்திலிருந்தோ கூடங்குளத்திலிருந்தோ அணுசக்தி நகருக்கு இந்த வருஷம் மாற்றலாகி வருகிற குடும்பங்களுக்கு ஒரு வார்த்தை. லாரியில் இடம் இருந்தால், பிள்ளைகள் படித்துவிட்ட தமிழ்ப் புத்தகங்களை அங்கேயே எடைக்குப் போட்டுவிட்டு வராதீர்கள். மூன்றாம் வகுப்புத் தமிழும் அரிச்சுவடியும் கேட்டு செம்பூரில் ஆட்கள் காத்திருக்கிறார்கள். படம் எடுத்துப் போடுங்கள், விலை என்ற இடத்தில் ‘வந்து வாங்கிக்கொள்ளவும்’ என்று எழுதுங்கள். வாங்க வருகிறவரிடம் உங்கள் பிள்ளை எந்தப் பாடத்தில் தடுக்கி நின்றது, எதை விரும்பிப் படித்தது என்பதையும் சொல்லி அனுப்புங்கள்.